இளங்குதிரை வாங்கியவர்களுக்கு



ஆடி முடிந்துவிட்டது. அந்தியூர்ப் புதுப்பாளையத்துக் குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழாவும் அதையொட்டிய குதிரைச் சந்தையும் முடிந்து லாரிகள் ஊர் திரும்பிவிட்டன. உங்களில் சிலர் வாழ்நாளின் முதல் குதிரையை அங்கே வாங்கி வந்திருக்கிறீர்கள். மார்வாரி, கத்தியவாரி, நுக்ரா என்று ஏதோ ஒரு பெயர் சொல்லி விற்றார்கள். வயது மூன்று என்றார்கள். ஒரு பையன் சேணம்கூட இல்லாமல் தாவி ஏறி, கூட்டத்துக்கு நடுவே ஓட்டிக் காட்டினான். அதைப் பார்த்துத்தான் பணத்தை எண்ணிக் கொடுத்தீர்கள். இப்போது அந்தக் குதிரை உங்கள் தோட்டத்துக் கொட்டகையில் நிற்கிறது. நீங்கள் அதன்மேல் ஏறி நாளாயிற்று.

ஆவணி பிறந்தால் எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். முதலில் தீவனம் பற்றிக் கேட்பார்கள். அப்புறம் லாடம். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மேல ஏறுனா கொஞ்சம் படபடன்னு வருதுங்க்கா" என்பார்கள். அதைக் கேட்கத்தான் கூப்பிட்டிருப்பார்கள். நாலு பேர் பார்க்கக் குதிரையை லாரியிலிருந்து இறக்கியவர், ஏறப் பயமாக இருக்கிறது என்று ஊரில் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் இந்த மடல்.

350 கிலோ எடையுள்ள, சட்டென்று பக்கவாட்டில் தாவக்கூடிய, இன்னும் முழுசாகப் பழகாத ஒரு விலங்கின் முதுகில் ஏறப் பயம் வந்தால் உங்கள் புத்தி நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். அடுத்த நொடி இது என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியவில்லை. பயம் அதைத்தான் சொல்கிறது. குதிரையின் நிலைமையும் அதுவே. அடுத்த நொடி நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அதற்கும் தெரியாது. ஆகவே தைரியத்தை வரவழைக்கப் பாடுபடாதீர்கள். அடுத்த நொடி இருவருக்கும் தெரிந்திருக்கும்படியான சின்னச் சின்ன வேலைகளைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதைச் செய்கிற விதம்.

முதலில், நீங்கள் வாங்கியது என்ன என்று பார்த்துவிடுவோம். சந்தையில் சுழி பார்த்திருப்பீர்கள். நெற்றியில் எங்கே, கழுத்தில் எங்கே, எது வீட்டுக்கு ஆகும், எது ஆகாது என்று பெரியவர்களைக் கூட்டிப்போய் ஒரு மணி நேரம் பார்த்திருப்பீர்கள். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்றாலும் சண்டைக்கு வரவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தீர்களா? குதிரைக்கு முன்வரிசையில் நடுப்பற்கள் இரண்டரை வயதிலும், அவற்றுக்கு அடுத்தவை மூன்றரையிலும், ஓரப்பற்கள் நாலரையிலும் விழுந்து நிலைப்பற்கள் வரும். ஐந்து வயதில் வாய் நிறையும். மூன்று வயது என்று விற்ற குதிரையின் வாயில் பால்பற்கள் மட்டுமே இருந்தால் அது இரண்டரையைக்கூடத் தாண்டாத குட்டி. அதன்மேல் ஏற அவசரமே இல்லை.

அவசரம் வேண்டாம் என்பதற்கு எலும்பும் ஒரு காரணம். குதிரையின் எலும்பு முதிர்ச்சி குளம்புப் பக்கமிருந்து மேல்நோக்கிப் போகிறது. கால்களின் கீழ்ப்பகுதி முதலில் முதிரும். முதுகெலும்பு கடைசியில், ஐந்து வயதுக்கும் பிறகு. நாம் உட்காருவதோ அந்த முதுகின்மேல். ஏறுகிறவரின் எடையும் சேணத்தின் எடையும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. 350 கிலோ குதிரைக்கு அது 70 கிலோ. இளசுகளுக்கு இன்னும் குறைவாக வைத்துக்கொள்வது நல்லது. உங்களில் பாதிப் பேருக்கு இந்தக் கணக்கு பிடிக்காது என்று எனக்குத் தெரியும். பிடிக்காதவர்கள் இன்னும் ஒரு வருஷம் தரையில் நின்று பழக்குங்கள், அல்லது எடை குறைந்த, அனுபவமுள்ள ஒருவரை ஏறச் சொல்லுங்கள்.

காயடிக்காத ஆண் குதிரையை முதல் குதிரையாக வாங்கியிருந்தால் ஒரு கால்நடை மருத்துவரிடம் பேசிவிடுங்கள். கம்பீரமாக இருக்கும், வாலைத் தூக்கிக்கொண்டு ஆடும், எல்லாம் சரி. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெட்டை கனைத்தால் உங்கள் ஞாபகமே அதற்கு இருக்காது. அந்தியூரிலிருந்து வண்டியில் கொண்டுபோகும் தூரத்தில்தான் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருத்துவரைப் பார்க்கும்போதே பல், முதுகு, குளம்பு மூன்றையும் காட்டிவிடுங்கள். கடைவாய்ப் பல்வரிசைக்கு முன்னால் சில குதிரைகளுக்குச் சின்னதாக ஒரு பல் முளைத்திருக்கும். கடிவாள இரும்பு அதில் பட்டால் குதிரை தலையை உதறும். வெளியே பார்க்கிறவருக்கு அது திமிர் போலத் தெரியும்.

1965-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்பு விதிகளில் முள் வைத்த கடிவாளத்துக்குத் தடை இருக்கிறது. குதிரையோடு சேர்த்து அப்படி ஒன்றை உங்களிடம் கொடுத்திருந்தால் அதைக் கழற்றிப் போடுங்கள். "இது இல்லாம இவன் நிக்க மாட்டானுங்க" என்று விற்றவர் சொல்லியிருப்பார். அவர் தெரியாமல் ஒரு உண்மையைச் சொல்லியிருக்கிறார்: அந்தக் குதிரைக்கு நிற்பது எப்படி என்று யாருமே சொல்லிக்கொடுக்கவில்லை.

இனி உங்கள் படபடப்பு. ஸ்வீடனில் நடத்தி 2009-இல் வெளியான ஓர் ஆய்வை இங்கே சொல்லியாக வேண்டும். குதிரைகளைக் கையில் பிடித்தோ, மேலே ஏறியோ ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பலமுறை போய்வரச் சொன்னார்கள். கடைசி முறைக்கு முன்னால் மனிதர்களிடம் மட்டும், "இந்தத் தடவை நீங்கள் கடக்கும்போது ஒரு குடை விரியும்" என்றார்கள். குடை விரியவே இல்லை. ஆனாலும் மனிதர்களின் இதயத்துடிப்பு ஏறியது. குடையைப் பற்றி ஒன்றுமே அறியாத குதிரைகளின் இதயத்துடிப்பும் ஏறியது. மேலே உட்கார்ந்திருந்தவர்கள் குடை என்று கேட்டதுமே வாரைச் சுருக்கிப் பிடித்தார்கள் என்றும் அதில் பதிவாகியிருக்கிறது.

சுருங்கிய அந்த வாரை மறக்காதீர்கள். பயந்தவர் முதலில் செய்வது அதுதான். மூச்சைப் பிடித்துக்கொள்வார், தொடையை இறுக்குவார், வாரை இழுத்து வைத்துக்கொள்வார். மூன்றும் சேர்ந்து, முன்னால் ஏதோ ஆபத்து வருகிறது என்று குதிரைக்குச் சொல்லிவிடும். அதனால் பயமில்லாத மாதிரி நடிப்பது குதிரையிடம் எடுபடாது. முகத்தை நீங்கள் எப்படி வைத்துக்கொண்டாலும், சேணத்தின் கீழே இருப்பது உங்கள் தொடையைத்தான் படிக்கிறது. செய்யக்கூடியது ஒன்று உண்டு. மூச்சை நீளமாக வெளியே விடுங்கள், உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். அது ஞாபகம் இருக்காது என்றால் பாட்டுப் பாடுங்கள். பாடுகிறவரால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. எந்தப் பாட்டு என்பது உங்கள் விருப்பம். மெதுவான பாட்டாக இருந்தால் நல்லது. நாங்கள் குதிரை பழக்கும் களத்தில் எல்லோரும் பாடுவோம், சுமாராக.

இப்போது தரைவேலை. இதற்குத்தான் நீங்கள் அதிக நாள் கொடுக்க வேண்டும், இதைத்தான் எல்லோரும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். தலைக்கயிறு போட்டு, நீளமான பருத்திக் கயிறு ஒன்றைக் கட்டிக் களத்துக்குக் கூட்டிப் போங்கள். மிச்சக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், மடித்துப் பிடியுங்கள். குதிரை பிய்த்துக்கொண்டு ஓடினால் மடித்த கயிறு கையைவிட்டுப் போகும், சுற்றிய கயிறு கையையும் கொண்டுபோகும். செருப்புப் போட்டுக்கொண்டு குதிரையருகே நிற்காதீர்கள்.

கற்பிக்க வேண்டியவை நான்கு. கூப்பிட்டால் முன்னே வருவது, சொன்னால் நிற்பது, பின்வாங்குவது, பின்னங்கால்களைக் குறுக்கே வைத்துப் பின்பக்கத்தை நகர்த்துவது. நான்குக்கும் வழி ஒன்றுதான். கயிற்றில் லேசாக ஓர் இழுப்பு கொடுங்கள், அல்லது விலாவில் ஒரு விரலை வையுங்கள். அப்படியே காத்திருங்கள். அதிகப்படுத்த வேண்டுமானால் படிப்படியாக. குதிரை சரியான பக்கம் ஓர் எட்டு, அரை எட்டு, ஏன், எடையை அந்தப் பக்கம் சாய்த்தால்கூடப் போதும், அந்தக் கணமே இழுப்பை முழுசாக விட்டுவிடுங்கள். குதிரை கற்றுக்கொள்வது அந்த விடுதலையிலிருந்துதான். இரண்டு நொடி தாமதித்து விட்டால், அந்த இரண்டாவது நொடியில் தான் என்ன செய்துகொண்டிருந்ததோ அதுதான் சரி என்று எடுத்துக்கொள்ளும். தலையைத் தூக்கி உதறியபோது விட்டீர்களானால் தலையை உதறக் கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். சண்டிக்குதிரை என்று பெயர் வாங்கிய பல குதிரைகள் இப்படித் தப்பான நேரத்தில் விடப்பட்ட கயிற்றால் உருவானவை என்பது என் கணிப்பு.

இந்த வேலையில் ஒரு லாபம் உங்களுக்கும் உண்டு. விரலை வைத்தால் பின்பக்கம் நகர்கிறது, கயிற்றைத் தளர்த்தி "ஓ..." என்றால் நிற்கிறது என்று நூறு தடவை கண்ணால் பார்த்துவிட்டீர்கள் என்றால், மேலே ஏறும்போது உங்கள் உடம்பு அதை நம்பும். யாரோ சொல்லி வரும் நம்பிக்கை சேணத்தில் உட்கார்ந்ததும் ஆவியாகிவிடும். கை பழகியது அப்படிப் போகாது.

அந்த நான்காவது பாடத்தைக் குறைத்து எண்ணாதீர்கள். உங்கள் பிரேக் அதில்தான் இருக்கிறது. இரண்டு வாரையும் சேர்த்து இழுத்தால், ஓட முடிவு செய்த குதிரை கழுத்தை நீட்டி இரும்பில் சாய்ந்துகொண்டு ஓடும். அந்த இழுபறியில் நாம் ஜெயிக்க முடியாது. ஒரு பக்க வாரை மட்டும் மெதுவாக மடக்கி, தலையை உங்கள் முழங்கால் பக்கம் வரவழைத்தால், பின்னங்கால்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டு நகரும். உந்துகிற பலம் அங்கே அறுந்துபோகும். இதை நின்ற இடத்திலும் நடையிலும் இரண்டு பக்கமும் பழக்குங்கள். தேவைப்படும் நாளில், வேகம் பிடிப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். முழுப் பாய்ச்சலில் போகிற குதிரையின் தலையைச் சட்டென்று மடக்கினால் குதிரையே உருண்டுவிடும்.

மிரள்வதைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் கேட்கிறார்கள். குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. கிட்டத்தட்ட 350 பாகை பார்க்கும். நேர் நெற்றிக்கு முன்னாலும் வாலுக்குப் பின்னாலும் மட்டும் தெரியாது. வெயிலிலிருந்து நிழலுக்குப் போகும்போது கண் பழக நம்மைவிட அதிக நேரம் எடுக்கும். புளியமரத்து நிழல் விழுந்த இடத்தில் குதிரை ஏன் நின்றுவிட்டது என்று இப்போது புரியும். அதற்கு அங்கே பள்ளம் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. அலெக்சாண்டர் சிறுவனாக இருந்தபோது பியூசிஃபலஸ் என்ற அடங்காத குதிரை தன் நிழலைக் கண்டே மிரள்கிறது என்று கவனித்து, அதைச் சூரியனைப் பார்த்துத் திருப்பி நிறுத்திவிட்டு ஏறினான் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். கதையில் எல்லோருக்கும் பிடித்தது அவன் ஏறிய வீரம். எனக்குப் பிடித்தது ஏறுவதற்கு முன் அவன் பார்த்துக்கொண்டு நின்ற நேரம்.

அவனுக்குச் சற்று முந்திய கிரேக்கர் செனபன், குதிரை பழக்குவது பற்றி ஒரு நூலே எழுதினார். மிரளும் பொருளை நோக்கிக் குதிரையை அடித்து விரட்டினால் பயம் கூடும் என்கிறார் அதில். அடி வாங்கிய குதிரை, தன் வலிக்கு அந்தப் பொருள்தான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறதாம். 2,300 வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கும் நம் ஊர்த் தார்ச்சாலையில் பஸ்ஸைக் கண்டு மிரண்ட குதிரையைச் சவுக்கால் விளாசுகிறவரை நீங்கள் பார்க்கலாம்.

அடிக்காமல் என்ன செய்வது? பொருளைப் பார்க்கிற, ஆனால் இன்னும் மூச்சு சீராக இருக்கிற தூரம் ஒன்று இருக்கும். அங்கே நிறுத்துங்கள். காது முன்னால் நிமிரும், உடம்பு விறைக்கும். தலை கொஞ்சம் தாழ்ந்து, வாய் அசைபோட்டதும் நீங்களாகவே திருப்பிக் கூட்டிக்கொண்டு விலகிவிடுங்கள். மறுபடி வாருங்கள், இரண்டடி கூடுதலாக. குதிரை ஓட முடிவு செய்வதற்கு முன்பே நீங்கள் விலகுவது முக்கியம். விலக வழி இருக்கிறது என்று தெரிந்த குதிரை கொஞ்சம் நின்று பார்க்கும். பிளாஸ்டிக் பை, சாக்கு, நீலத் தார்ப்பாய், குடை எல்லாவற்றையும் இப்படிப் பழக்கலாம். தப்பட்டைச் சத்தத்துக்குக் கைப்பேசியில் குறைந்த ஒலியில் தொடங்குங்கள், குதிரை தீவனம் தின்னும் நேரத்தில்.

ஒவ்வொரு மிரட்சியையும் தனித்தனியாகப் பார்த்து ஏமாறாதீர்கள். காலையில் லாடம் அடிக்கிறவர் வந்து போனார். பத்து மணிக்குப் பக்கத்துக் காட்டில் ஜேசிபி ஓடியது. மத்தியானம் புது நாய் ஒன்று குரைத்தது. எதற்கும் குதிரை பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சாயங்காலம் நீங்கள் ஏறியபோது ஒரு காகிதம் பறந்தது, குதிரை துள்ளி உங்களைக் கீழே போட்டுவிட்டது. "காகிதத்துக்குப் போயி" என்பீர்கள். காகிதம் கடைசியாக வந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு என்னென்ன நடந்தது என்று ஏறுவதற்கு முன் யோசித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். கணக்கு அதிகமாக இருந்தால் தேய்த்துவிட்டு, கொஞ்ச தூரம் கையில் பிடித்து நடத்திவிட்டுக் கட்டிவிடுங்கள்.

தீவனத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மிரட்சியில் பாதி தீவனத் தொட்டியில் இருக்கிறது. நாள் முழுக்கக் கட்டிப்போட்டு, இரண்டு வேளையும் கொள்ளை அள்ளிக் கொட்டி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏறினால் எந்தக் குதிரை அமைதியாக இருக்கும்? காய்ந்த தட்டும் புல்லும்தான் அதன் சாப்பாடு. 350 கிலோ குதிரைக்கு உலர்ந்த கணக்கில் நாளைக்கு ஐந்திலிருந்து ஏழு கிலோ, கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க. கொள்ளு செய்கிற வேலைக்குத் தக்கபடி மட்டும். அவிழ்த்துவிட வேலியடைத்த ஓர் இடம் இருந்தால் அதைவிடப் பெரிய மருந்து இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து பெரும் விலைக்கு வந்த குதிரைகள் இங்கே பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் செத்துப்போகின்றன, சோற்றோடு கறி கலந்து போடுகிறார்கள் என்று எழுதிவைத்தார். அவர் சொன்னதில் மிகை இருக்கலாம். ஆனால் வாங்க மட்டும் செலவு செய்கிற பழக்கம் இன்றும் போகவில்லை.

ஏறும் நாள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தலைக்கவசம் இல்லாமல் ஏறாதீர்கள். பைக் ஹெல்மெட் இதற்கு ஆகாது, கனம் அதிகம். குதிரையேற்றத்துக்கென்றே விற்பதை வாங்குங்கள், ஒருமுறை விழுந்து அடிபட்டால் மாற்றிவிடுங்கள். காலில் குதிகால் உயர்ந்த பூட்ஸ், அங்கவடிக்குள் பாதம் முழுசாக நுழைந்து மாட்டிக்கொள்ளாமல் இருக்க. பழைய தோல் வார் ஒன்றைக் குதிரையின் கழுத்தைச் சுற்றித் தளர்வாகக் கட்டுங்கள். இதற்கு நூறு ரூபாய் ஆகாது. ஆனால் நான் சொல்வதிலேயே உங்கள் மனதுக்கு அதிகம் உதவப்போவது இதுதான். தடுமாறும்போது கை எதையாவது பிடிக்கத் தேடும். கழுத்து வாரைப் பிடித்தால் குதிரையின் வாய் தப்பிக்கும், நீங்களும் சேணத்தில் இருப்பீர்கள். பெரிய சவாரிக்காரர்களும் கட்டிக்கொள்கிறார்கள், வெட்கம் வேண்டாம்.

ஏறுவதற்கு முன் அந்த நான்கு பாடங்களையும் தரையில் ஒரு சுற்று கேட்டுப் பாருங்கள். ஒன்று சரியில்லை என்றாலும் அன்றைக்கு ஏற வேண்டாம். தரையிலிருந்து எம்பி ஏறாமல் திண்ணையோ கல்லோ வைத்து ஏறுங்கள். இளமுதுகு ஒரு பக்கமாக இழுபடாது. முதல் நாள் ஏறுங்கள், கழுத்தைத் தடவுங்கள், இறங்குங்கள். ஆம், அவ்வளவுதான். இரண்டாம் நாள் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள நாலு எட்டு. பக்கத்தில் வயதான, எதற்கும் அசையாத குதிரை ஒன்று கிடைத்தால் அதன் பின்னால் நடக்கவிடுங்கள். உங்கள் கை சொல்வதைவிட அந்தக் கிழக்குதிரை சொல்வதை இளசு சீக்கிரம் நம்பும். நடை சரியாக வந்த பிறகு டிராட் என்கிற குதிநடை. டிராட்டில் நிறுத்தத் தெரியாமல் கேன்டர் என்கிற மென்பாய்ச்சல் பக்கமே போகாதீர்கள். அடைத்த இடத்தில், இருபது நிமிஷத்துக்குள். தினமும் ஏறினால்தான் பழகும் என்பதும் உண்மையல்ல. 1980-இல் வெளியான ஓர் ஆய்வில், வாரம் ஒருமுறை பழக்கிய குட்டைக் குதிரைகள் தினமும் பழக்கியவற்றைவிடக் குறைந்த தடவைகளிலேயே பாடத்தைப் பிடித்துக்கொண்டன. வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கேட்டு நிம்மதியடையலாம்.

குதிரை நன்றாகச் செய்தது என்றால் அத்தோடு இறங்குங்கள். "இன்னும் ஒரு ரவுண்டு" என்று வாய் வரை வரும். அந்த ஒரு ரவுண்டில்தான் களைத்த குதிரை தப்புச் செய்யும், நீங்கள் அதைத் திருத்த உட்காருவீர்கள், நாள் கெடும்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று பின்னுக்குப் போய்விட்டது என்றும் கேட்பீர்கள். போகும். மூன்று, நாலு வயதில் பல் முளைக்கிறது, உடம்பு வளர்கிறது, போன மாசம் பொருந்திய சேணம் இந்த மாசம் பொருந்தாமல் போகலாம். நேற்று வரை செய்ததை இன்று செய்யவில்லை என்றால் முதலில் வலி இருக்கிறதா என்று தேடுங்கள். முதுகைத் தண்டுவடத்தின் இரு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். எங்கே குனிந்து விலகுகிறதோ அங்கே ஏதோ இருக்கிறது. வலி இல்லை என்று உறுதியானால் பழைய பாடத்துக்கு இரண்டு படி இறங்கி வாருங்கள்.

விழுந்தால்? "விழுந்த உடனே ஏறணும், இல்லாட்டிப் பயம் குடிபுகுந்துரும்" என்பது எல்லாக் களத்திலும் சொல்லப்படும் சட்டம். எனக்கு உடன்பாடில்லை. தலை அடிபட்டிருந்தால் அன்று ஏறவே கூடாது. தலைசுற்றல், வாந்தி, ஞாபகக் குழப்பம் எது இருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். தலை அடிபடவில்லை என்றாலும், கை நடுங்கிக்கொண்டு ஏறுகிறவர் குதிரைக்கு என்ன சொல்லிக்கொடுப்பார்? தரையில் நின்று, இருவருக்கும் நன்றாகத் தெரிந்த ஒன்றைச் செய்யுங்கள். பின்பக்கத்தை நகர்த்துங்கள், நிறுத்துங்கள், தடவிக்கொடுத்துக் கூட்டிப்போங்கள். ஏறுவது நாளைக்கு, அல்லது அடுத்த வாரம்.

இதையெல்லாம் செய்யவிடாமல் கெடுப்பது பெரும்பாலும் குதிரை இல்லை. வேலிக்கு வெளியே நிற்கிறவர்கள். "குதிரைய வாங்கி மாடு மாதிரி கட்டிப்போட்டிருக்கான்", "புள்ளைக்கெதுக்குக் குதிரை" என்று டீக்கடையில் பேச்சு வரும். சித்தப்பா மகன் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு, "ஒரே ஒரு ரீல்ஸு, ஏறுண்ணா" என்பான். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை கேட்டு ஆள் வருவார். ரேக்ளாவுக்குப் பூட்டிப் பார்க்கலாம் என்று ஒருவர் வருவார். எல்லோருக்கும் ஒரே பதில் வைத்துக்கொள்ளுங்கள்: "இன்னும் குட்டிங்க." பழக்கும் நேரத்தை விடியற்காலைக்கு மாற்றுங்கள். வெயிலும் இருக்காது, பார்வையாளர்களும் இருக்க மாட்டார்கள். வேலியில் பச்சை வலை கட்டினாலும் தப்பில்லை.

ஆள் வைத்துப் பழக்க நினைப்பவர்கள், அவர் எவ்வளவு முரட்டுக் குதிரையை அடக்கியிருக்கிறார் என்று கேட்காதீர்கள். அவர் பழக்கிய குதிரைகளின் வாய் ஓரத்தில் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். அவர் உள்ளே நுழையும்போது அவை பின்னால் ஒதுங்குகின்றனவா, தலையை நீட்டி வருகின்றனவா என்று பாருங்கள். பத்து நாளில் ஏறும்படி செய்து தருகிறேன் என்று சொன்னால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். எல்லாம் செய்தும் கொட்டகைப் பக்கம் போகவே வயிறு கலங்குகிறது என்றால் அந்தக் குதிரையை அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பத்து வயதுக்கு மேற்பட்ட, நாலு பேரைச் சுமந்து பழகிய ஒன்றில் கற்றுக்கொள்ளுங்கள். புதியவருக்கு இளங்குதிரை சரிப்படாது என்று நானாக இருந்தால் சந்தைக்குப் போகும் முன்பே சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை, வாங்கிவிட்டீர்கள், பரவாயில்லை.

ஐப்பசி வரப்போகிறது. மழையும் தீபாவளியும் சேர்ந்து வரும். ஈரக் களிமண்ணில் இளங்குதிரையைச் சுற்றவிடாதீர்கள், கால் வழுக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரத்திலிருந்து ஏறுவதை நிறுத்திவிடுங்கள். திறந்த வெளியில் கட்டாமல் சுவருள்ள கொட்டகைக்குள் விடுங்கள், முடிந்தால் கயிறில்லாமல். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். பக்கத்தில் ஒரு மாடோ ஆடோ துணைக்கு இருக்கட்டும். தட்டு நிறையப் போட்டு, ரேடியோவை இப்போதிருந்தே தினமும் மாலையில் பாடவிடுங்கள், அன்றைக்கு மட்டும் புதிதாக வைக்காமல். பண்டிகை முடிந்ததும் களத்தில் விழுந்த வெடிக் காகிதத்தையும் கம்பித் துண்டுகளையும் கூட்டிவிட்டுக் குதிரையை இறக்குங்கள். குளம்புக்குள் கம்பி ஏறினால் மாசக்கணக்கில் நொண்டும். டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்பதையும் மருத்துவரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
கோபிப் பக்கத்திலிருந்து உங்கள் அக்கா